மறுபடியும் முதலிடம்

உன் பையை இன்று காலைதான் திறந்தேன், மச்சான். பூதக்கண்ணாடி எடுக்கக் கையை விட்டால் கராம்பு வாசம். பல்வலிக்கென்று நீ போட்டு வைத்தது. மாத்தளைக் கடைத்தெருவில் கராம்பும் மிளகும் விற்ற வீட்டுப் பிள்ளை, வேறென்ன கொண்டு திரிவாய்? நீ மௌத்தாகி அடக்கமானபின் அந்தப் பையை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாவட்டத்தின் அரிய செடிகளை மறுபடி வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நம் வேலை உனக்கு எப்போதும் சிரிப்புத்தான். எத்தனை இடத்தில் முளைக்கிறது, எவ்வளவு மிச்சம், என்ன ஆபத்து என்று பார்த்து, பரீட்சையில் போல இடம் போடுவோம். "இந்த வகுப்புல மொதலாவதா வாரவன்தான் சாகக் கெடக்கிறவன்" என்பாய். மேலே இருக்கும் சிலவற்றுக்குத்தான் வேலியும் காவலும் கிடைக்கும்.

நாவுலைக்கு மேலே, ஓடைப் பாறையில் நின்ற காட்டுக் காசித்தும்பை அப்போது முதலிடம். அந்த ஒரு பாறையைத் தவிர வேறெங்கும் யாரும் அதைக் கண்டதில்லை. கிட்டப் போகுமுன்பே "ஈக்கிறியா?" என்று குரல் கொடுப்பாய், 'இருக்கிறாயா' என்று வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. நான் யாழ்ப்பாணத்தான் விடுவேனா? "அது மறுமொழி சொன்னா எனக்கும் சொல்லு" என்பேன்.

பிறகு யட்டவத்தப் பக்கத்துச் சரிவொன்றில் அதே செடியை நீ கண்டாய். சேறும் அட்டைக்கடியுமாக அலுவலகத்துக்குள் வந்து, "மச்சான், இனி அது தனியில்ல" என்றாய்.

எனக்கும் சந்தோஷந்தான். ஆனாலும் சொன்னேன்: "ரெண்டு இடமெண்டால் வரிசையில கீழ போயிடுமடா. வேலி கிடைக்காது. வரிசை போடுற கூட்டம் முடியுமட்டும் சொல்லாமல் இருப்பமோ?"

நீ காலிலிருந்த அட்டையைத் தட்டிவிட்டபடி சொன்னாய்: "ஈக்கிறத இல்லேன்டு எழுத ஏலாது."

எழுதினோம். செடி கீழே இறங்கியது, வேலி வேறொன்றுக்குப் போனது. நாவுலை ஓடைக்கு மேலே யாரோ குழாய் போட்டுத் தண்ணீரைத் திருப்பினார்கள். அந்தக் கோடையிலேயே பாறை காய்ந்து வெறும் பாசிக்கறை மிஞ்சியது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பஸ்ஸில் நீ ஒரு கராம்பை எடுத்து என் கையில் வைத்தாய். எனக்கு உன்மேல் கோபம் இருந்தது, மச்சான். இப்போதும் இருக்கிறது. நீ செய்தது சரி என்பதால் அது போகமாட்டேன் என்கிறது.

இன்று யட்டவத்தச் சரிவுக்குப் போனேன். பாதிக்கு மேல் வெட்டி மிளகு நட்டிருக்கிறார்கள். அங்கே நின்ற பெண்ணிடம் செடியின் படத்தைக் காட்டினேன்.

"இந்தப் பூண்டையா தேடுறீங்க? களை புடுங்கயில போயிருக்கும் சார்" என்றாள். பாவம், அவளைச் சொல்லி என்ன?

கல்லிடுக்கில் ஒன்றே ஒன்று நின்றது. இலை மஞ்சள். பூத்த அடையாளமோ காயோ இல்லை. உன் கண்ணாடியால் கணுக்கணுவாகத் தேடிவிட்டேன்.

பின்னேரம் வந்து முதலிடத்தில் எழுதினேன். இந்தமுறை யாரும் மறுக்கமாட்டார்கள். வேலி நிச்சயம் வரும். அது வரும்போது உள்ளே ஒன்றும் இருக்காது.

அடுத்த மாதமும் போவேன். சரிவின் அடியிலேயே நின்று "ஈக்கிறியா?" என்று கேட்பேன், உன் பேச்சிலேயே. ஏறிப் பார்க்க எனக்கு அவசரமில்லை.