தலைகீழாய் நின்ற ஒன்பது

3 ஜூன்

அன்புள்ள கடிகாரத்துக்கு,

உன் பழைய நண்பன் அட்டவணை எழுதுகிறேன். நூலகத்தில் அட்டை எழுதி எழுதியே இந்தப் பெயரை வாங்கினவன், மறந்திருக்க மாட்டாய். கடிகாரக் கடைக்காரனுக்குக் கடிகாரம் என்று நான் வைத்த பெயரை இப்போதும் யாராவது சொல்கிறார்களா? உன் விலாசத்தை மூன்று முறை சரிபார்த்தேன். இருந்தாலும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஆலயத்தில் பாட்டு எண் பலகையைக் கழற்றப் போகிறார்கள். இனி எல்லாம் திரையில் வருமாம். கேட்டதும் நம் சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. நான் மரத்துண்டு எண்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பலகையில் செருகிக்கொண்டிருப்பேன். நீ கடையை மூடிவிட்டு, விரலில் எண்ணெய் வாசனையோடு வந்து ஆர்கனில் உட்காருவாய். இடது மிதி கிறீச்சிடும். "இதுக்கும் ஒரு நம்பர் போட்டு விடுடா" என்பாய். சாயங்கால வெயில் ஒவ்வொரு பெஞ்சாக ஏறி வரும். அவ்வளவு நிம்மதியாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

இன்னொரு செய்தி. ஆலயத்தில் என் ஐம்பது வருட ஊழியத்துக்காக இந்த மாதக் கடைசி ஞாயிறு பாராட்டு வைத்திருக்கிறார்கள். வாழ்த்து மடலில் 'தாழ்மையின் மாதிரி' என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்குத் தகுதியில்லை என்றேன். "பாத்தீங்களா, இதுக்காகத்தான் உங்களுக்குக் குடுக்கிறோம்" என்று ஆயர் சிரித்தார்.

நீ வர முடியுமா?

என்றும் உன் நலம் கேட்கும்,
அட்டவணை


9 ஜூன்

டேய் அட்டவணை,

கடிதம் கெடச்சுது. இருபத்தாறு வருஷம் கழிச்சு எழுதறவன், மிதி கிறீச்சிட்டதை எழுதறான். சரி, அதுவும் ஒரு செய்திதான்.

மகள் வீட்டு மாடி ரூம்ல இருக்கேன். கண்ணு மங்கிப்போச்சு. கடிகாரத்தைத் தொட்டு நாளாச்சு. அந்த லென்ஸை வெச்சுக்கிட்டு இப்ப கடிதம் படிக்கிறேன். என் மனைவி போய் எட்டு வருஷம். உனக்குத் தகவல் வந்திருக்குமே? அதுக்கு ஒரு வரி காணோம்.

பாராட்டை வாங்கிக்கோ. "வேண்டாம் வேண்டாம்"னு ஊரையே கெஞ்ச விடாதே. உனக்கு நாற்காலி போட்டா தரையில உக்காருவே. அப்புறம் நாலு பேர் வந்து உன்னைத் தூக்கணும். உன் தாழ்மையால அடுத்தவனுக்குத்தான் இடுப்பு வலி.

நான் வரல. குடிகாரனைப் பக்கத்துல உக்கார வெச்சா உன் மடலுக்கு அழகா இருக்காது.

— கடிகாரம்


13 ஜூன்

அன்புள்ள கடிகாரத்துக்கு,

'குடிகாரன்' என்ற அந்த ஒரு சொல்லைப் படித்தபின் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நான் பாவி. முதல் கடிதத்திலேயே எழுத வேண்டியதை எழுதத் துணிவு வராமல், வெயிலைப் பற்றி எழுதினேன்.

இருபத்தாறு வருடத்துக்கு முன், நம் பள்ளித் தலைமையாசிரியர் மகளின் கல்யாணம். பெண் உள்ளே வரும்போது 361 வாசிக்க வேண்டும். நம் பலகைக்கு ஆறும் ஒன்பதும் ஒரே துண்டுதான். தலைகீழாகச் செருகினால் ஒன்று மற்றதாகிவிடும். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற நான் அன்று பார்க்கவில்லை. பலகையில் 391 நின்றது. அது அடக்க ஆராதனைப் பாட்டு, பிணத்தை எடுக்கும்போது பாடுவது. உன் விரல்கள் எண்ணைத்தான் பார்க்கும், என்ன பாட்டு என்று நீ யோசிப்பதில்லை. அவ்வளவு தூரம் என் பலகையை நம்பியிருந்தாய்.

எல்லோரும் பெண்ணைப் பார்க்க வாசல் பக்கம் திரும்பி நின்றார்கள். பலகையைப் பார்த்தவர்கள் நாம் இருவர்தான். நீ இரண்டு வரி வாசித்து, திடுக்கிட்டு நிறுத்தினாய். அந்த அமைதியில் நான் கையை நீட்டித் துண்டைத் திருப்பினேன். சபை நம் பக்கம் பார்த்தபோது பலகையில் 361 இருந்தது.

"குடிச்சிட்டு வந்திருக்கியா?" என்று தலைமையாசிரியர் எல்லோர் முன்பும் உன்னைக் கேட்டார். நான், பாவி, பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே ஆர்கன் சாவியை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். கடைக்கு ஆள் வருவது குறைந்தது. வருடம் முடியுமுன் ஊரைவிட்டுப் போனாய். உன் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். உன் மனைவி மறைந்த செய்தி வந்தது. எழுத உட்கார்ந்தால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று எழுதாமல் விட்டேன்.

மன்னிக்கத் தகாத பாவி,
அட்டவணை


18 ஜூன்

டேய்,

மூணு எடத்துல 'பாவி'ன்னு எழுதியிருக்கே. 'திருப்பினேன்'னு ஒரே எடத்துல. எனக்கு அந்த ஒண்ணு போதும்.

நீ கையை நீட்டுனதை அன்னிக்கே பாத்தேன். நீயே சொல்லுவேன்னு காத்திருந்தேன். மறுநாள் வீட்டுக்கு வந்தே. "எல்லாம் என்னாலதான், நான் எதுக்கும் தகுதியில்லாதவன்"னு ஒரு மணி நேரம் அழுதே. என் மனைவி உன்னைத் தேத்தி, டீ போட்டுக் குடுத்து அனுப்பினா. நீ போனதும், "எவ்ளோ நல்ல மனுஷன். யாரோ செஞ்ச தப்புக்கு இவரு அழறாரு"ன்னா.

யாரோன்னா நான்தான். அப்பதான் தெரிஞ்சுது, அவளும் நம்பிட்டான்னு. நான் வாயைத் தொறக்கல. சொல்லாமலே அவ என்னை நம்பணும்னு எனக்கு ஒரு திமிர். அவ கடைசி வரைக்கும் கேக்கல, நானும் கடைசி வரைக்கும் சொல்லல. உன்மேல மட்டும் பழி போட எனக்கு வக்கில்ல.

ஆனா ஒண்ணு. இதை எனக்குச் சொல்லி என்னடா ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே.

— கடிகாரம்


7 ஜூலை

அன்புள்ள கடிகாரத்துக்கு,

பாராட்டு மேடையில் சொன்னேன். "அன்றைய தவறு என்னுடையது, நண்பருடையதல்ல" என்றேன். சபை கைதட்டியது.

"நண்பர் மேல இருந்த பழியைக்கூடத் தன்மேல போட்டுக்கிறாரு பாருங்க" என்றார் ஆயர். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூரை ஒழுகினாலும், மெழுகுவர்த்தி அணைந்தாலும், ஐம்பது வருடமாக "தவறு என்னுடையது" என்று சொல்லி வந்தவன் நான். அந்தச் சொல்லுக்கு நல்லபேரைத் தவிர வேறு எதுவும் கிடைத்ததில்லை. உண்மையிலேயே தேவைப்பட்ட அன்று அது வேலை செய்யவில்லை. மடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலை, நூலகத்தில் எழுதுவதுபோல ஓர் அட்டை எழுதினேன். அடைமொழி எதுவும் இல்லாமல்:

'தலைமையாசிரியர் மகளின் கல்யாணத்தன்று பலகையில் 391 என்று தவறாக வைத்தவன் நான். ஆர்கன் வாசித்தவர் பலகையில் இருந்ததை வாசித்தார். அவர் குடித்திருக்கவில்லை. யாரும் பார்க்குமுன் எண்ணை 361 ஆக மாற்றியவனும் நான். இது தாழ்மைக்காகச் சொல்வதல்ல. நடந்தது.'

கையெழுத்திட்டு ஆலய வாசலில் ஒட்டினேன்.

இந்த ஞாயிறு யாரும் கைதட்டவில்லை. தலைமையாசிரியருக்கு எண்பது தாண்டிவிட்டது. பேரனைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். "இருபத்தாறு வருஷமா என்னைப் பொய் பேச வெச்சுட்டியேய்யா" என்றார். மடலைத் திருப்பித் தரட்டுமா என்று ஆயரைக் கேட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. என் பெஞ்சில் என் இருபுறமும் இடம் காலியாக இருந்தது.

இதை எழுதும்போதும், 'எவ்வளவு துணிவு' என்று உள்ளே ஒருவன் முதுகில் தட்டுகிறான். அவனை என்ன செய்வதென்று எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை. உன் மனைவிக்கு அந்த அட்டையைக் காட்ட வழியில்லை.

அட்டவணை


15 ஜூலை

அட்டவணை,

தலைமையாசிரியர் போன் பண்ணாரு. காது கேக்காது போல, நான் பேசறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேட்டு முடிச்சிட்டாரு. நான் சொன்னது ஒண்ணும் அவருக்குக் கேட்டிருக்காது. பரவால்ல.

அந்தச் சபைக்கு நான் வரமாட்டேன். கால் வரல. உன்மேல கோபம் இருக்கு. இல்லன்னு சொன்னா அது பொய்.

உன் கடிதங்களை மகள்கிட்ட குடுத்தேன். அவ அம்மாவுக்குத் தெரியாமப் போனது அவளுக்காவது தெரியட்டும்னு. படிச்சு முடிச்சா. துணி மடிச்சுக்கிட்டே, "இவரு உங்க நண்பராப்பா?"ன்னா.

அவ கடைசித் துணியையும் மடிச்சு வெச்சா.

"ஆமா"ன்னேன்.

"அப்ப வரச் சொல்லுங்க"ன்னா.

வா. ரெண்டு நாள் தங்கு. அவ உன்கிட்ட கடுமையாப் பேசுவா, கேட்டுக்கோ. "தகுதியில்லாதவன்"னு மட்டும் ஆரம்பிக்காதே. தட்டுல வெச்சதைச் சாப்பிடு.

— கடிகாரம்