ரேடியேட்டர் மூடி

சித்திரை 20, திங்கள்.

ஓடிப்போன வெள்ளைக்கார மேனேஜரின் பந்தயக் கார் இன்று உச்சி வெயிலில், சுங்கை லாலாங் ஏற்றத்தில் கொதித்து நின்றுவிட்டது. ஓட்டியது நான்; பக்கத்தில் ஜப்பான் கேப்டன். சயாம் ரயில் பாதை வேலைக்கு ரப்பர் தோட்ட லயத்து ஆண்களைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தோம்.

மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த மாரியாயி ரப்பர் பால்வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். கேப்டனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆளு புடிக்கவா, அண்ணே?"

"ஆமா புள்ள. வண்டி ஆற நேரமாவும் லா. நீ லயத்துக்கு ஓடு."

கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும் என்று கேப்டனிடம் சொன்னேன். அது உண்மைதான். ஒரு மணி நேரத்தில் ஆறிவிட்டதைத்தான் சொல்லவில்லை. ஈரத்துணியால் மூடியைத் தொட்டுத் தொட்டு, "மாசே பானாஸ், துவான்", இன்னும் சூடு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ரப்பர் இலைகள் சுழன்று சுழன்று பானெட்டின்மேல் விழுந்தன. மர நிழல் காரின் மேல் ஊர்ந்து அந்தப் பக்கம் இறங்கிப் போனது. நான் பொய் சொல்வதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அப்போது கேப்டன் எழுந்து வந்தார். வெறுங்கையை மூடிமேல் வைத்தார். எடுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "ஜாலான்", போ என்றார். கிளப்பினேன்.

லயத்தில் பெண்களும் கிழவர்களும்தான் இருந்தார்கள். அவர் திரும்பி வந்து காரில் ஏறினார்.

இறங்கும்போது மட்டும் சொன்னார், நாளை விடியுமுன் வண்டி வர வேண்டுமாம். எந்த எஸ்டேட்டுக்கு என்று சொல்லவில்லை.

விடியற்காலைக் குளிரில் இந்த எஞ்சின் கொதிக்காது.