சாயங்காலம் புளிக்காத இலை

இன்று காலை பல் விளக்கியதும் மாடித் தொட்டியிலிருந்து ஒரு ரணகள்ளி இலையைப் பறித்து மென்றேன். அப்பப்பா, என்ன புளிப்பு! பல் கூசியது. உடனே உன் நினைவு வந்தது.

அறுபதுகளில் செஞ்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நீ விஞ்ஞான வாத்தியார், நான் எழுத்தர். எனக்குச் சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்ததும் உன் வீட்டுச் செடியிலிருந்து நாலு இலை கொண்டுவந்தாய். "மண்ணுல போட்டு வைப்பா, அதுவே குட்டி போடும்" என்றாய். போட்டது. தினமும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒன்று தின்றேன்.

ஒருநாள் ஆசிரியர் அறையில், "இன்னாய்யா உன் இலை, புளியங்காயே தோத்துது போ" என்றேன்.

"நேத்துகூடத் தின்னேனே. புளிப்பே இல்லப்பா."

பொழுது சாய்ந்தால் பல்லில் தண்ணீர்கூடப் படாத சமணக் குடும்பம் உன்னுடையது. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் சாப்பிட்டுவிடுவாய். அந்தச் சாப்பாட்டோடுதான் இலையையும் தின்றிருக்கிறாய். அது எனக்கு உறைக்கவில்லை. வாக்குவாதம் முற்றி, எல்லார் முன்னாலும் "சும்மா பொய் சொல்லாதே" என்று கத்திவிட்டேன். பொய் பேசாமை உங்கள் வீட்டில் விரதம் என்று தெரிந்தும் கத்தினேன்.

உன் முகம் சுருங்கியது. "தப்புன்னு சொல்லு. பொய்யின்னு சொல்லாத" என்றாய். அதன்பின் பதினைந்து நாள் பேச்சில்லை. எனக்கும் வீம்பு.

பிறகு ஒரு திங்கட்கிழமை என் மேசைமேல் ஒரு தாளை வைத்தாய். ஞாயிறு முழுக்க, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, மணிக்கொரு இலையைக் கசக்கி நீல லிட்மஸ் தாளில் தடவி வரிசையாக ஒட்டியிருந்தாய். முதல் துண்டு நல்ல சிவப்பு. போகப்போகச் சிவப்பு மங்கி, கடைசித் துண்டு ஏறக்குறைய நீலமாகவே இருந்தது.

"ராத்திரில இலை காத்த இழுத்து அமிலமா மாத்துது. செல்லுக்குள்ள இருக்குற பையில அத அடைச்சி வெச்சிக்குது. பைய வுட்டு வெளிய கசிஞ்சா செல்லே செத்துடும். பகல்ல கொஞ்சங்கொஞ்சமா எடுத்துச் செலவு பண்ணிடுது. நீயும் பொய் சொல்லல, நானும் சொல்லல. வா, டீ குடிக்கலாம்."

போனோம். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. டீயோடு விழுங்கிவிட்டேன்.

அதற்கப்புறம் ஓய்வுபெறும்வரை, யார் என்ன புகார் கொண்டுவந்தாலும் "எப்ப பாத்த?" என்றுதான் முதலில் கேட்டேன். உன்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

போன மாதம் நீ போய்விட்டதாக உன் மகன் சொன்னான். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, நிறமெல்லாம் போய்விட்டது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட அந்த இலையைச் சாயங்காலத்தில் நான் தின்று பார்த்ததில்லை. தின்றால் தோற்றதாகிவிடும் என்ற அதே வீம்புதான். இன்று பொழுது சாய்வதற்குள், நீ சாப்பிட உட்காரும் நேரத்தில், ஒன்றைப் பறித்து மென்றேன்.

புளிக்கவே இல்லையப்பா. மன்னித்துவிடு.