கனடா வீட்டுக் கதவுக்கு மானியம்

அனுமந்தன்பட்டி
6.3.2023

அன்புள்ள மருமகள் உமாதேவிக்கு, அத்தை முருகம்மாள் எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சங்கதி. பவுனு மகள் நாகஜோதிக்கு மாட்டு டாக்டர் படிப்பில் இடம் கிடைத்து நாமக்கல்லில் இருக்கிறாள். நம் குடும்பத்தில் ஊசி போட்டுக்கொண்ட ஆட்கள்தான் உண்டு, போடப் போகிறவள் அவள் ஒருத்திதான். அவள் தம்பி ஈஸ்வரபாண்டி மாவட்டக் கபடியில் ஜெயித்துக் கலெக்டர் கையால் கோப்பை வாங்கினான். வாங்கும்போதும் முழங்காலில் ரத்தம். உன் மகன் முகிலன் கணக்கில் பள்ளிக்கே முதல் என்று எழுதியிருந்தாய். அதை உத்தமபாளையம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பொம்பளையிடம்கூடச் சொல்லியாயிற்று. சின்னவள் வெண்ணிலா ஐஸ் மேல் சறுக்கிப் பதக்கம் வாங்கியதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை. "விழுகாம நின்னதுக்கா பதக்கம் குடுத்தாக?" என்று கேட்கிறார்கள்.

போனில் யார் பேசினாலும் எனக்குக் காது கேட்பதில்லை. என் மகள் பவுனு கேட்டுச் சொல்வதில் பாதி அவள் சொந்தச் சரக்கு. ஆகவே நீ கடிதம் போடுவதுதான் எனக்குச் சரிப்படுகிறது.

வீட்டுச் சன்னலையும் கதவையும் மாற்ற அந்த ஊர் அரசாங்கம் மானியம் தருகிறது என்று எழுதியிருந்தாய். குளிர் உள்ளே வராதாம், வீட்டைச் சூடு பண்ணுகிற கேஸ் மிச்சமாகுமாம். இங்கே ஆடு வாங்க மானியம் உண்டு, கக்கூஸ் கட்ட மானியம் உண்டு. சன்னலுக்கு மானியம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நாங்கள் ஆடிக் காற்றுக்குச் சன்னலைச் சாத்தி ஒரு கல்லை முட்டுக் கொடுப்பதோடு சரி.

சன்னலை எப்படியும் மாற்றிக்கொள். வாசல் நிலை அப்படி இல்லை. புது நிலை வைக்கும்போது புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று, மஞ்சள் பூசி, நவதானிய முடிப்பைக் கட்ட வேண்டும். சசிதரனை அன்றைக்கு லீவு போடச் சொல். அவன் எனக்கு எழுதிப் பல மாதம் ஆகிறது. சின்ன வயசிலிருந்தே அவனுக்கு எழுத உடம்பு வணங்காது. அதனால் கோபமில்லை.

இப்படிக்கு,
முருகம்மாள்


வின்னிபெக்
29.3.2023

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாகஜோதிக்கும் ஈஸ்வரபாண்டிக்கும் எங்கள் சந்தோஷத்தைச் சொல்லுங்கள். இங்கே இன்னும் பனி கரையவில்லை. சன்னல் கண்ணாடியின் உட்பக்கமே உறைந்து கிடக்கிறது. காலையில் எழுந்ததும் வெண்ணிலா அதில் நகத்தால் கோழி வரைகிறாள்.

மானியம் கொடுக்கும் முன் வீட்டைச் சோதித்துப் பார்ப்பார்கள். போன வாரம் அதற்கு ஒருவர் வந்தார். வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தைச் சிவப்புத் துணியால் அடைத்து, நடுவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தினார். அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுக்கிறது. அப்போது எந்தச் சந்து வழியாகக் குளிர் நுழைகிறது என்று கையை வைத்தாலே தெரிகிறது. எல்லாச் சன்னலிலும் நுழைந்தது. முகிலன் ஒவ்வொரு இடமாக ஓடி ஓடி, "இங்கனயும் வருதும்மா" என்று கத்தினான். உங்கள் பேச்சு அவனிடம் இன்னும் இருக்கிறது.

வந்தவர் நல்ல மாதிரி. பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றேன். எழுதிக்கொண்டார். டீ கொடுத்தேன், குடித்தார்.

நிலை வைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கே கதவும் நிலையும் ஒன்றாகவே கம்பெனியில் செய்து வேனில் கொண்டுவருவார்கள். பழையதைப் பெயர்த்துவிட்டு அரை நாளில் மாட்டிவிடுவார்கள். நேரம் பார்க்க முடியாது, அவர்கள் தரும் நாள்தான். உங்கள் மகனிடம் சொல்கிறேன். அவருக்கு வேலை அதிகம்.

மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

உங்கள் மருமகள்,
உமாதேவி


அனுமந்தன்பட்டி
20.4.2023

அன்புள்ள மருமகள் உமாதேவிக்கு, அத்தை எழுதுவது.

கடிதம் கிடைத்தது. தோட்டத்தில் திராட்சைக்குக் கவாத்து வெட்டியாயிற்று. மழை ஒரு நாள் பெய்தது, அதுவும் ஊருக்குள்தான் பெய்தது, தோட்டத்தில் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறேன்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டவரிடம் மூன்று என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். நீ, முகிலன், வெண்ணிலா, என் மகன். நாலு வருகிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளுக்கு இந்தக் கூட்டல் போதும்.

கைதவறி எழுதியிருப்பாய் என்று முதலில் நினைத்தேன். ஆனால் சர்க்காரிலிருந்து வருகிற ஆளிடம் யாரும் தலையைக் குறைத்துச் சொல்வதில்லை. இங்கே ரேஷன் கார்டில் செத்தவர் பேரை எடுக்கவே ஒருத்தருக்கும் மனசு வருவதில்லை.

பவுனைக் கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும்" என்று மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். மாட்டுக்கு அப்போதுதான் தண்ணி காட்டிவிட்டு வந்திருந்தாள்.

சசிதரன் எங்கே இருக்கிறான்? உள்ளதை எழுது. எனக்கு நெஞ்சுவலி கிஞ்சுவலி ஒன்றும் வராது. உன் மாமனாரைக் கொண்டுபோன அன்றைக்குச் சாயங்காலம் நான்தான் பால் கறந்தேன்.

இப்படிக்கு,
முருகம்மாள்


வின்னிபெக்
15.5.2023

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்தேன். இனிமேல் கிழிக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

அவர் எங்களோடு இல்லை. போன ஆகஸ்டில் வான்கூவருக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு வேறொரு பெண்ணோடு வாழ்க்கை அமைந்துவிட்டது. சண்டை ஏதும் நடக்கவில்லை. ஒருநாள் உட்கார வைத்துச் சொன்னார், மறுவாரம் போனார். வீட்டை எனக்கும் பிள்ளைகளுக்கும் விட்டுவிட்டார். "அம்மாட்ட நீ ஒண்ணும் சொல்லாத, நானே ஊருக்கு வந்து சொல்லிக்கிறேன்" என்றார். வருவார் என்று நானும் பார்த்தேன். பவுனு அண்ணிக்கு அவரே போனில் சொல்லியிருக்கிறார். அண்ணியைத் திட்ட வேண்டாம்.

கடமலைக்குண்டில் என் அம்மாவுக்குத் தெரியும். "பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்துருடி" என்று தினமும் அழுகிறார்கள். நான் போகவில்லை. அவர் போன பிறகுதான் மானியத்துக்கு மனுவே போட்டேன். குளிருக்காக மட்டும் இல்லை, அத்தை. பெட்டி கட்டப் போகிறோமா என்று வெண்ணிலா கேட்டுக்கொண்டே இருந்தாள். சன்னலை மாற்றுகிற வீட்டை விட்டு யாரும் போக மாட்டார்கள் என்று அவளே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஜூன் கடைசியில் கதவு மாட்ட வருகிறார்கள். புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்க வேண்டும் என்றீர்கள். அதற்கு வழியில்லை. மஞ்சள் பூசாமலே விட்டுவிடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். முகிலனும் வெண்ணிலாவும் உங்கள் பேரப்பிள்ளைகள், அது மாறாது. நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. இனி உங்களை அத்தை என்று எழுதலாமா? கூடாது என்றால் பதில் போட வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

உமாதேவி


அனுமந்தன்பட்டி
5.6.2023

அன்புள்ள மருமகள் உமாதேவிக்கு, உன் அத்தை முருகம்மாள் எழுதுவது.

கடிதம் வந்து சேர்ந்தது. இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். கதவு வருவதற்குள் உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள்.

பவுனு, "தம்பியே இல்லாத வீட்டுக்கு இன்னும் என்னத்துக்கும்மா கடுதாசி?" என்றாள். "நான் என்ன அவனுக்கா எழுதுறேன்? பேசாம ஒட்டுறதுக்குப் பசைய எடு" என்றேன். எடுத்துக் கொடுத்தாள். நீ சொன்னதால் அதற்கு மேல் திட்டவில்லை.

சசிதரனுக்குத் தனியாக எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்று நீ கேட்காதே. அவன் நான் பெற்ற பிள்ளை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். கடமலைக்குண்டில் உங்கள் வீட்டுக்கு வந்து, பாய் விரித்து உட்கார வைத்து, உன் தலையில் பூ வைத்தது நான். அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, மெட்ராஸில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். நான் வைத்த பூவை அவன் எடுக்க முடியாது. அத்தை என்றே எழுது.

மஞ்சள் பூசாமல் விடாதே. உன் மாமனார் போன பிறகு நான் எந்த நிலைக்கும் மஞ்சள் பூசியதில்லை. போன வருசம் குருசாமி வீட்டில் நிலை வைத்தபோதுகூட, நம்மால் எதற்கு என்று தள்ளித்தான் நின்றேன். அந்த வீடு இப்போது நாலு இடத்தில் ஒழுகுகிறது. நான் தள்ளி நின்றதில் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. நீ அப்படி நிற்காதே. அந்த வீட்டில் குடியிருக்கிறவள் நீ, நீயே பூசு. பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் பூசட்டும். ஆனி மாதம் நிலை வைக்க ஆகாது என்பார்கள். ஆள் வருகிற நாள்தான் நாள்.

நவதானியம் முடிந்து தபாலில் போடக் கொண்டுபோனேன். "ஆத்தா, வெதையெல்லாம் அந்த நாட்டுக்குள்ள விட மாட்டாக" என்று போஸ்ட் மாஸ்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் அடுப்படியில் இருக்கிற பருப்பு, பயறு எதையாவது மஞ்சள் துணியில் முடிந்து கட்டு. ஒன்பது வகை தேறாவிட்டால் தேறியது போதும்.

இங்கே காற்று எழும்பிவிட்டது. சன்னலுக்குக் கல் வைத்தாயிற்று.

இன்னொன்று. நம் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் வந்தபோது, ஆபீசர் வந்து என்னைக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். யாருக்கு மானியமோ அவர்தான் நிற்க வேண்டுமாம். பவுனு புருசன் ஓரமாக வந்து நின்றதற்கு, "நீங்க தள்ளுங்க" என்று சொல்லிவிட்டார். அதே மாதிரி புதுக் கதவுக்கு முன்னால் நீயும் முகிலனும் வெண்ணிலாவும் நின்று ஒரு போட்டோ எடுங்கள். நீங்கள் நாலு பேரும் நிற்கிற பழைய படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். செல்லில் அனுப்பாதே, பவுனு அரை நிமிசம் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்வாள். பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. மூன்று பேர் முகமும் கதவும் முழுசாகத் தெரிய வேண்டும்.

உன் அத்தை,
முருகம்மாள்