மூன்று வண்டிக்கும் ஒரே குறை

அன்புள்ள பெண்ணுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் இரட்டைக் குட்டிகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள், அப்படியே இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டாலே அப்பா ஓடி வந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அவரைப் பற்றி அவர் காதுபடவே எப்படிச் சொல்வது. அதனால்தான் கடிதம். உட்கார்ந்துகொண்டு நிதானமாகப் படி.

அடுத்த மாதம் நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து அப்பாவுக்குப் புது வண்டிப் பைத்தியம். நம் பழைய கார் டிக்கியில் இரட்டைத் தள்ளுவண்டி நுழையாதாம், விமான நிலையத்திலிருந்து பேரப்பிள்ளைகளை அவரே ஓட்டிக் கூட்டி வர வேண்டுமாம். லைசென்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து மார்க் போட்ட மனுஷர், கடைத்தெருவில் இன்றைக்கும் அவருக்கு ‘ஃபெயில் சார்’ என்றுதான் பெயர். அந்த மார்க் அட்டையைப் போலவே ஒன்று கோடு போட்டுத் தயாரித்து, இப்போது வண்டிகளை ஃபெயிலாக்கக் கிளம்பினார். பக்கத்து வீட்டில் இரட்டைத் தள்ளுவண்டியை இரவல் வாங்கிக்கொண்டு மூன்று ஷோரூம் ஏறி இறங்கினோம், பார்த்தவர்கள் எங்களுக்குத்தான் இரட்டை பிறந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் ஒரு குட்டிக் கார். பின் ஸீட்டை மடக்கினால்தான் தள்ளுவண்டி நுழைகிறது, அப்போ பிள்ளைங்கள கூரையில கட்டிட்டு வரவா என்று அப்பா கேட்டதில் விற்பனைப் பையன் முகம் சுருங்கிவிட்டது. அடுத்தது ஜீப் மாதிரி உயரமான ஒன்று, நான் அதற்கு யானை என்று பெயர் வைத்தேன், என் முழங்காலுக்கு ஏணி தனியாக வாங்க வேண்டும், வளைவில் திரும்பினால் தோளில் தோள் இடிக்கிறது. மூன்றாவதுதான் ஸ்டேஷன் வேகன். உயரம் சாதாரணக் கார் அளவுதான், ஆனால் கூரை கடைசி வரை நீண்டு போகிறது, பின்கதவு மேலே தூக்கித் திறக்கிறது. தள்ளுவண்டியை ஒரு தள்ளு தள்ளினேன், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது, உங்கள் பெட்டிகள் நான்கும் அதன் பக்கத்தில் வைக்கலாம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எனக்கு அதுதான் சுகம். எனக்கே ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

இனிமேல்தான் விஷயம். குட்டிக் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்பா, முன்கண்ணாடியைத் தாங்குற இடது பக்கத் தூண் ரொம்பத் தடிமன், அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல என்று குறித்தார். நானும் தலையாட்டினேன். யானையை வெளியே எடுக்கும்போது வாசல் கம்பத்தில் இடது பக்கம் லேசாக உரசியது, அதற்கு இடது பக்கம் பின்னால் பார்க்கிற கண்ணாடி சின்னதாம். ஸ்டேஷன் வேகனில் ஷோரூமுக்குப் பின்னாலிருக்கும் தெருவில் மெதுவாகத்தான் போனோம். இடது பக்கச் சந்திலிருந்து ஒரு பெண் குழந்தை சைக்கிளில் வந்தது. பின் ஸீட்டிலிருந்த எனக்குத் தெரிந்தது, முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்பனைக்காரருக்கும் தெரிந்தது, அப்பா நேரே போய்க்கொண்டே இருந்தார். விற்பனைக்காரர் கத்திக்கொண்டே கை பிரேக்கை இழுத்தார், சைக்கிளின் முன் சக்கரம் பம்பரைத் தொட்டுக்கொண்டு நின்றது. யார் பெற்ற பிள்ளையோ, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. அப்பா திரும்பி, இவ எங்கேர்ந்து வந்தா என்று கேட்டார். நடிப்பில்லை கண்ணு, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டையில் என்ன எழுதினார் தெரியுமா, இதிலும் இடப்பக்கம் சரியில்லை, எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரே மாதிரி கெடுத்து வச்சிருக்கான். மூன்று கம்பெனி, மூன்று உருவம், ஒரே குறை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்த மனுஷர் இவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பிடும்போது தட்டில் இடது பக்கம் இருப்பது அப்படியே மிச்சமாகிறது, ஒரு வாரமாக என் சமையல்தான் கெட்டுப்போய்விட்டது என்று கோபித்துக்கொண்டிருந்தேன், முட்டாள். இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அந்த ஸ்டேஷன் வேகனுக்குப் பதிவு செய்யப் போகிறாராம். பேத்திக்கு இடது ஸீட், பேரனுக்கு வலது ஸீட் என்று இப்போதே பிரித்தாகிவிட்டது. இடது ஸீட் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. நீ சொன்னால் கேட்பார், நாங்கள் டாக்சியில் வந்துவிடுகிறோம், நீங்கள் டாக்டரிடம் கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள் என்று பக்குவமாகச் சொல்லு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

இவ்வளவு எழுதியதும் அவரே வந்துவிட்டார். பொண்ணுக்கா, நானும் ரெண்டு வரி எழுதறேன் என்றார். மேலே எழுதியதை மடித்துப் பிடித்துக்கொண்டு வெற்றுப் பாதியை நீட்டினேன். கீழே இருப்பது அவர் கையெழுத்து. ஸ்டேஷன் வேகன்தான் தேறும்மா, தூணைத்தான் பொறுத்துக்கணும், அப்பா நல்லா இருக்கேன் என்று எழுதியிருக்கிறார். தாளின் நடுவிலிருந்து ஆரம்பித்திருக்கிறார், பார். ஒவ்வொரு வரியும் நடுவிலிருந்துதான். இடது பாதி வெள்ளையாகக் கிடக்கிறது, அவருக்கு அப்படி ஒரு பாதி இருப்பதாகவே தெரியவில்லை. தூணும் இல்லை, கண்ணாடியும் இல்லை, மடியில் வைத்த காகிதம் அது. இது கண் மட்டும்தானா, அதற்குப் பின்னால் வேறு ஏதாவதா என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பக்குவமாகப் பேசுவதற்கெல்லாம் இனி நேரமில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகிறோம். அவருக்கென்றால் வர மாட்டார், அதனால் எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டேன். டாக்சி வந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து போன் செய்கிறேன், இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டிய பிறகுதான் தபாலில் சேர்ப்பேன்.

நான்கு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். நீங்கள் எந்த வண்டியில் போனாலும் குழந்தைகளுக்கு பெல்ட் போட மறக்காதே. பாவம் உன் அப்பா, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, டாக்சி எதுக்கு, நான் ஓட்டறேன், பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொல்லியபடி கார் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார். சாவி மேஜை மேல்தான் இருக்கிறது, அவருக்கு இடது பக்கம்.

இப்படிக்கு,
உன் அம்மா