செருமலுக்கு எழுந்து நின்ற வீடு

அப்பா,

நேற்று மாலை குர்லாவில் நெருள் போகும் மின்சார ரயிலில் ஏறினேன். அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. செம்பூர் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஐம்பது கடந்தவன், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறைத்து நின்றேன். செருமியவர் என்னைவிடச் சின்னவர். "அரே, பைட்டியே அங்கிள்," என்று சிரித்து உட்காரச் சொன்னார். நீங்கள் செத்து இத்தனை வருஷமாகியும் என் கால்களுக்கு அது தெரியவில்லை.

மாட்டுங்கா வீட்டில் நீங்கள் ஒருநாளும் கத்தியதில்லை. அக்கம்பக்கத்தார் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். மாடிப்படியில் உங்கள் செருமல் கேட்கும். நான் ரேடியோவை அணைப்பேன். அம்மா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் காபி கலக்கப் போவாள். தாமதமானால் மௌனம்தான் தண்டனை. நாள்கணக்கில் எங்கள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுவீர்கள். "பழக்கினா கழுதையும் பழகும்" என்பது உங்கள் வேதம். கல்லூரியில் உளவியல் வகுப்பில், மணியோசை கேட்டதும் எச்சில் ஊறிய நாயைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாயையாவது சோறு போட்டுப் பழக்கினார்கள்.

பிறகு பக்கவாதம் வந்து உங்களைக் கட்டிலில் போட்டது. பேச்சு குழறியது. செருமல் மட்டும் பழையபடியே இருந்தது. தண்ணீருக்கும் செருமல், போர்வைக்கும் செருமல். வீங்கிய முழங்காலோடு அம்மா ஓடினாள்.

ஒரு மத்தியானம் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் செருமினீர்கள். அவள் அசையவில்லை. நான் எழுந்தேன்.

"நீ உட்காருடா," என்றாள்.

இன்னும் பலமாகச் செருமினீர்கள். முகம் சிவக்க, இடது கையால் கட்டிலைத் தட்டித் தட்டிச் செருமினீர்கள். அப்போது அவள் எழுந்து போயிருந்தால், அதைவிடப் பலமாகச் செருமத்தான் கற்றிருப்பீர்கள். அவள் போகவில்லை.

"என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லுங்கோ. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வரேன். செருமினா இனிமே வரமாட்டேன்." கை நறுக்கிக்கொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்து வந்தது: "ரா... ராஜம். தண்ணி."

அவள் பெயர் உங்கள் வாயில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தக் கணமே தண்ணீரோடு போய் நின்றாள். "நன்னா சொன்னேளே," என்று உங்கள் மோவாயைத் துடைத்துவிட்டாள். மறுநாள் சீக்கிரமே கூப்பிட்டீர்கள். கொஞ்ச நாளில் செருமலே நின்றுபோனது.

ஆக, உங்களாலும் கற்றுக்கொள்ள முடிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"போனவர்தானே, மன்னிச்சுடேண்டா," என்கிறாள் அம்மா. மௌனத்தை வேண்டுமானால் மன்னித்துவிடலாம். என்றைக்கோ ஒரு ஞாயிறு, காரணமே இல்லாமல், "சட்டையைப் போட்டுக்கோ" என்பீர்களே, அதை மன்னிக்க முடியாது. ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் எதிரே உட்காரவைத்து, உங்கள் வடையில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைப்பீர்கள். அடுத்தது எப்போது என்று ஒருநாளும் தெரியாது. வாராவாரம் வந்திருந்தால் அது சாதாரணமாகிப் போயிருக்கும். வராமலே இருந்திருந்தால் உங்களை வெறுத்து எங்காவது ஓடியிருப்பேன். எப்போதோ வந்ததால் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

இன்றும் ஞாயிறு காலை குளித்ததும் நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். எங்கேயும் போவதற்கில்லை.