‘பிற’ என்று எழுதிய அறுபத்து மூன்று பெட்டிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், இருவரில் அப்பா என்னைவிட ஒரு பங்கு கூடுதல் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ “ஏம்மா” என்பாய், நான் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்றதும் கிளம்பி வருகிறேன் என்றேன் இல்லையா, அது நடக்காது. நாலு மாதம், கூடிப்போனால் ஐந்து மாதம் தள்ளிப் போகும். டிக்கெட் தேதியை மாற்றும்படி மாப்பிள்ளையிடம் சொல். எனக்காக அறையை ஒழித்து வைத்திருக்கிறாய், ஒரு வாரம் லீவும் போட்டிருக்கிறாய், எல்லாம் தெரியும். காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

அதற்கு முன்னால் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகிறது. பார்வை பளிச்சென்று வந்துவிட்டது, அதுதான் இப்போது தொல்லை. மின்விசிறி இறக்கையில் தூசி, அலமாரிக்கு மேலே தூசி என்று காலையிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார். கண்டுபிடிக்கக் கண் போதும், துடைக்கக் கை வேண்டும் என்று சொன்னேன், டாக்டர் குனியக் கூடாது என்றிருக்கிறாராம். அலமாரிக்கு மேலே துடைக்க எதற்குக் குனிய வேண்டும் என்று கேட்டால் காது கேட்கவில்லை. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. உன் பழைய மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறோம், அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போன வருஷம் தேடல் மென்பொருள் வந்தது உனக்குத் தெரியும். பட்டியல் அட்டைகள் வைக்கும் பெட்டகங்களை எல்லாம் நடைபாதைக்குத் தள்ளிவிட்டார்கள், இப்போது அவற்றின் மேல் ஊழியர்கள் குடையும் ஹெல்மெட்டும் வைக்கிறார்கள். அட்டைகளில் நாங்கள் எழுதி வைத்ததை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டு, திரையிலுள்ள கட்டத்தில் வார்த்தையைத் தட்டினால் எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லும்படி செய்திருக்கிறார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று நாள் தேடுவதை மூன்று நொடியில் எடுத்துக் கொடுக்கிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் கூத்து நடந்தது உண்மை. பள்ளிக்கூடப் படங்கள் தேடிவந்த தலைமையாசிரியருக்கு, ஏற்றியவர் லகரத்துக்கு ளகரம் போட்டதால், நாற்பது பல்லிகளின் படம் வந்தது. யார் எழுதியது என்று தெரியாத புத்தகங்களுக்கு அட்டையில் ‘இல்லை’ என்று போடுவது எங்கள் வழக்கம். மென்பொருள் அதை ஆசிரியரின் பெயராக எடுத்துக்கொண்டு, எங்களிடம் அதிகமாக எழுதிக் குவித்தவர் ‘இல்லை’ என்பவர்தான் என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டது. மென்பொருள்காரர் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். நாற்பது வயதிருக்கும், வழுக்கை, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். என்னை ஸ்கேன் எடுக்கும் வேலைக்குப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார்கள், முன்மேசையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து தட்டுகிறாள், திரை சொல்வதைச் சொல்கிறாள். முன்பெல்லாம் நாங்கள் “தேடிப் பார்க்கிறேன், நாளைக்கு வாங்க” என்போம். இப்போது “இல்லை” என்று உடனே சொல்லிவிட முடிகிறது.

போன மாதம் அந்தப் பெண் சாப்பிடப் போயிருந்தபோது நான் முன்மேசையில் உட்கார்ந்தேன். ஒரு அம்மா வந்தார், ஐம்பதைத் தாண்டியவர், தையல்காரர் என்பது கழுத்தில் கிடந்த அளவு நாடாவிலேயே தெரிந்தது, கழற்ற மறந்து வந்திருக்கிறார். “மூணு தடவை வந்துட்டேன் மேடம், மெஷின்ல இல்லைன்னு சொல்லிட்டாங்க. மெஷின்ல இல்லைன்னா எங்கேயும் இல்லையா?” என்று கேட்டார். ஆறு வயதில் அவரையும் மூன்று வயதுத் தம்பியையும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஒரே வருஷத்தில் தம்பியை யாரோ ஒரு தம்பதி எடுத்துப் போய்விட்டார்கள், பெயரையும் மாற்றியிருப்பார்கள். அந்த இல்லம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது, அதன் பதிவேடுகள் எங்களிடம் வந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லத்தின் பெயரைத் தட்டினேன். முடிவுகள் பூஜ்யம். அந்தப் பதிவேடுகளையோ நான் பார்த்திருக்கிறேன், நீலத் துணி ஒட்டிய முதுகு, நீட்டு நீட்டாக இருக்கும். எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அம்மாவிடம் அடுத்த வாரம் வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

உனக்கு ஐந்து வயதில் நெஞ்சுச் சளி கட்டி ஒன்பது நாள் காய்ச்சல் அடித்தது, உனக்கு நினைவிருக்காது. அப்பாவுக்கு அப்போது லிஃப்ட் கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட். அந்த வாரம்தான் காப்பகத்துக்கு மேலிடத்துச் சோதனை. மூடிப்போன பல இடங்களிலிருந்து வந்த அறுபத்து மூன்று பெட்டிகள் நடைபாதையில் கிடந்தன, சோதனைக்கு முன்னால் ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி, தலைப்புக் கொடுத்து அலமாரியில் ஏற்ற வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது, உனக்கு மூச்சு வாங்குகிறது என்று. நான் ஒரு மணி நேரத்தில் அறுபத்து மூன்று அட்டை எழுதினேன். தலைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றே, ‘பிற’. பிற 1, பிற 2 என்று எண் மட்டும் போட்டு ஏற்றிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்புறம் பிரித்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அந்த அப்புறம் இருபத்தாறு வருஷமாக வரவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, காய்ச்சல் கேட்டுக்கொண்டா வருகிறது. அதற்குப் பின்னால் நேரம் இருந்தும் செய்யாதது என் சோம்பல். யாராவது கேட்டால் எந்தப் பெட்டி என்று எனக்கு மனப்பாடம், அதனால் குறை வெளியே தெரியவில்லை. என்னைப் பின்னறைக்கு அனுப்பியதும் அந்த மனப்பாடமும் கூடவே வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு உடனே எடுத்துக் கொடுத்தால் மென்பொருளில் ஏன் இல்லை என்ற கேள்வி வரும், அதற்குப் பயந்துதான் அடுத்த வாரம் என்றேன்.

இதற்குள் தையல்கார அம்மா இயக்குநருக்கு ஒரு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். இயக்குநர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து மென்பொருள்காரரைப் பிடித்துக்கொண்டார். அவர் இரண்டு நாள் குடைந்து ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு, இந்த, மற்றும் என்பவை போல எங்கும் வருகிற சில்லறை வார்த்தைகளைத் தேடலில் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார், அதில் ‘பிற’வும் இருக்கிறது. ‘பிற’ என்ற தலைப்பில் உள்ளதெல்லாம் அதனால் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது, தப்பு என்னுடையதுதான் என்று அவரே ஒத்துக்கொண்டார். இயக்குநர் அவருடைய மென்பொருள் கம்பெனிக்கு எழுதி வேறு ஆள் அனுப்பச் சொல்லப்போவதாகச் சொன்னார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். பட்டியலில் அந்த வார்த்தை இல்லாமல் இருந்தாலும் என்ன வந்திருக்கும், வெறும் ‘பிற 41’ என்று வந்திருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டியவள் எழுதவில்லையே. இது அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஓய்வுக்குப் பதினெட்டு நாள், பயணப் பெட்டியில் உன் பிள்ளைக்கு வாங்கிய சட்டைகள், இதுதான் மனதில் ஓடியது. கூட்டம் கலைந்து அரை மணி நேரம் கழித்துத்தான் இயக்குநர் அறைக்குப் போனேன். அந்த அரை மணி நேரத்துக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர், “பதினெட்டு நாள்ல போகப் போறீங்க, இதை ஏன் மேடம் இப்போ சொல்றீங்க?” என்றார். நான், “போயிட்டா சொல்றதுக்கு ஆள் இல்லை சார்” என்றேன். இது என் பணிக் குறிப்பில் ஏறும் என்றார், ஏறட்டும் என்றேன். கம்பெனிக்கு எழுதுவதை விட்டுவிட்டார். பெட்டிகளை யார் பிரிப்பது என்ற கேள்வி வந்தது. அவற்றைப் பற்றி ஏதாவது தெரிந்தவள் நான் ஒருத்தி. ஒரு பெட்டிக்கு இரண்டு நாள் என்று வைத்தாலும் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். ஓய்வு பெற்ற பிறகும் வந்து முடித்துக் கொடுக்கிறேன் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். இப்போது மாடிப்படியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் “எல்லாரும் ரிட்டையரானா பெட்டி கட்டுவாங்க, இவ பெட்டி பிரிக்கிறா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதலில் நாற்பத்தொன்றைத்தான் பிரித்தேன். பதிவேடு இருந்தது, அந்த அம்மாவின் வரியும் தம்பியின் வரியும் ஒரே பக்கத்தில், தம்பியின் வரிக்கு எதிரே புதுப் பெயரும் எடுத்துப் போனவர்களின் அந்தக் கால முகவரியும். அதற்கு அடியில் ஒரு சீட்டு கிடந்தது. பழைய முறையில் பதிவேடு கேட்பவர் பெயர், முகவரி, நோக்கம் எழுதிச் சீட்டுக் கொடுக்க வேண்டும், பதிவேடு திரும்பி வந்ததும் சீட்டைக் கிழித்துப் போட வேண்டும் என்பது விதி. நான் கிழிக்க மாட்டேன், பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுவேன். அடுத்தவருக்கு உதவும் என்று ஒரு எண்ணம், கிழித்த காகிதத்தைப் பொறுக்க வேண்டாம் என்பது இன்னொன்று. ஏழு வருஷத்துக்கு முந்தைய சீட்டு. கேட்டவர் பெயர், பதிவேட்டில் இருக்கும் அந்தப் புதுப் பெயரேதான். நோக்கம் என்ற இடத்தில் எல்லோரும் ஆய்வு, சொந்த வேலை என்று ஏதாவது எழுதுவார்கள். அவர் ‘அக்கா’ என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். கீழே எடுத்துக் கொடுத்தவர் கையெழுத்து என்னுடையது. அவர் அக்காவின் வரிக்கு எதிரே தையல் பள்ளிக்குச் சென்றாள் என்று மட்டும் இருந்ததால், மேலே தேட வழியில்லாமல் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றேன், வரவில்லை. எத்தனையாவது பெட்டி என்பது நினைவிருக்கிறது, கேட்டு வந்த மனிதர் நினைவில்லை. இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஒருவர் கொடுத்த முகவரியை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. தையல்கார அம்மா வந்த அன்று நான் எதையும் சொல்லவில்லை, பெட்டியை அந்தச் சீட்டோடு அப்படியே தூக்கி அவர் முன்னால் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டியை மூடி அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அளவு நாடாவின் ஒரு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து வந்தார்கள். தம்பி நெட்டையாக, ஒரு தோளைச் சாய்த்து நிற்கிறவர். அந்தப் பக்கத்தை இரண்டு பேருமாக ஒரு தரம் பார்க்க வேண்டுமாம். இப்போது சீட்டு கிடையாது, திரையில்தான் நிரப்ப வேண்டும், நோக்கம் என்ற இடத்தில் நாமாக எழுதவும் முடியாது, நாலில் ஒன்றைத் தொட வேண்டும். ஆய்வு, வழக்கு, கல்வி, பிற. எதைப் போடட்டும் என்று முன்மேசைப் பெண் கேட்டாள். தம்பி அக்காவைப் பார்த்தார், “சும்மா பார்க்கத்தான்மா வந்தோம்” என்றார் அந்த அம்மா. அவள் ‘பிற’வைத் தொட்டாள். மென்பொருள்காரர் அந்த வார்த்தையைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். நான் கேட்டுக்கொண்டபடி இன்னொன்றும் செய்திருக்கிறார். ஒன்றும் அகப்படாதபோது திரை இனிமேல் ‘இல்லை’ என்று சொல்லாது, ‘கிடைக்கவில்லை, ஊழியரைக் கேட்கவும்’ என்று சொல்லும். இரண்டும் ஒன்றில்லை.

இவ்வளவுதான் காரணம். இனி நீ கோபப்படலாம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம், நோய் நொடி இல்லாமல் மனம் கோணாமல் இருங்கள். வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. பயலின் படங்களை நீ வெறும் எண்ணோடு நூற்றுக்கணக்கில் அனுப்புகிறாய், எப்போது, எங்கே, கூட நிற்பது யார் என்று ஒரு வரி எழுது, அப்புறம் எழுதலாம் என்று விடாதே. போனில் என்னைப் பார்த்துப் பார்த்து அவன் போனையே பாட்டி என்கிறானாம். நான் வருவதாகச் சொன்ன தேதியில் வாசலைப் பார்த்துவிட்டு அவன் கேட்டால், பாட்டி இல்லை என்று சொல்லாதே, இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
பெட்டி பிரித்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா